சுவரைப் பார்க்கச் சொன்னவர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதினால், எங்கே இருந்தாலும் இதைத் தேடி வாசித்துவிட்டு, "நானா, என் பேர வெளிய வைங்கன்னு நான் சொன்னேனா?" என்று சண்டைக்கு வந்துவிடுவார். அந்தச் சண்டையில் நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. என்னை அவர் நானா என்பார், எங்கள் முஸ்லிம் வழக்கில் அண்ணன். கஹவத்தையில் அவரை எல்லோரும் மிஸ் என்றே கூப்பிட்டார்கள். அவரைவிட இரண்டு மடங்கு வயதான என் வாப்பாவும் மிஸ் என்றுதான் சொன்னார். இங்கேயும் அவர் மிஸ்ஸாகவே இருக்கட்டும்.

எங்கள் இரும்புக்கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. மேல்மாடி அறையைத் தோட்டத்து மக்களுக்காக வேலை செய்த ஒரு சின்னச் சங்கம் வாடகைக்கு எடுத்து, இரண்டு கம்பியூட்டர்களைக் கொண்டுவந்து வைத்தது. யுத்தம் முடிய இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்த காலம். சங்கத்துக்கு ஒரு வெப்சைட் கட்டித் தருவதற்காக மிஸ் வந்தார். தெரணியகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, கொழும்பில் கம்பியூட்டர் படித்தவர். எனக்குத் தமிழும் சிங்களமும் டைப் பண்ண வரும் என்பதால் என்னையும் சம்பளத்துக்கு எடுத்தார்கள். காலையில் வீட்டுப் படிக்கட்டில் ஏறினால் வேலைத்தளம். அப்படியொரு உத்தியோகம் கஹவத்தையில் வேறு எவனுக்கும் கிடைத்திருக்காது.

மிஸ் வந்த அன்றைக்கு முதல் வேலையாகக் கீழே கடையில் ஓர் ஆணி வாங்கி, கம்பியூட்டருக்கு எதிர்ப்பக்கச் சுவரில் தானே அடித்தார். எங்கள் கடைக் கலண்டரை அதில் மாட்டினார்.

"எதுக்கு மிஸ்?"

"யாராச்சும் பாஸ்வேர்ட் அடிக்கிறப்ப மத்த ஆளுங்க அந்தப் பக்கம் திரும்பிக்கணும். வெறுஞ்சுவத்த எவ்வளவு நேரந்தான் பாக்குறது? போயா எந்த நாளுன்னாவது பாத்துக்கிட்டு இருங்க."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். மிஸ்ஸுக்கு விளையாடத் தெரியாது. அந்த அறையில் யார் பாஸ்வேர்ட் அடிக்க உட்கார்ந்தாலும், "சுவத்தப் பாருங்க" என்று ஒரு சத்தம் வரும். சங்கத் தலைவர் திரும்பினார். தேத்தண்ணீர் கொண்டுவந்த வாப்பா தட்டோடு திரும்பினார். சங்கத்துக்குக் காசு கொடுக்கும் வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி பார்க்க வந்தார். அவரையும் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, கலண்டரைக் காட்டினார். மிஸ்ஸும் திரும்புவார். அவர்தான் எல்லோருக்கும் முன்னால் திரும்புவார். அந்த வருடத்துப் போயா நாட்கள், பௌர்ணமி விடுமுறைகள், எல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

சங்கத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தோட்ட ஆபிசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் ஐயா என்பார்கள். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பிள்ளைகளின் பிறப்புப் பதிவுக்காக எத்தனையோ பேருடன் கச்சேரிக்கு, அரசாங்கச் செயலகத்துக்கு, நடந்தவர். ஆனால் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபிசுக்குத்தான் வரும். உத்தியோகக் காலம் முழுக்க எல்லோருடைய கடிதமும் முதலில் அவருடைய மேசையில்தான் விழுந்தது. யாருக்கு வந்தது என்றாலும் முதலில் தன் கைக்கு வரவேண்டும் என்பது அவருக்கு ஊறிப்போன பழக்கம்.

மிஸ்ஸுக்கும் ஒரு கடிதக் கதை இருந்தது. அதை அவர் முதல் வாரமே ஐயாவின் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"எனக்கு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ கடிதம் வந்துச்சுங்க ஐயா. இன்டர்வியூ முடிஞ்சப்புறந்தான் ஆபிசுல குடுத்தாங்க. ஒட்டுன எடத்துல சோத்துப் பருக்கை இருந்துச்சு. அதனாலதான் நான் கம்பியூட்டருக்கு வந்தேன்."

ஐயா வேறு தோட்டத்தில் வேலை செய்தவர். இருந்தாலும் அவர் பேனையை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மூடினார்.

கடையில் சாமான் சுற்றும் பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்து, நடுவே ஒரு கோடு போட்டு, மிஸ் வெப்சைட்டைத் திட்டம் போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் வெளி. யாரும் வந்து பார்க்கலாம், பெயர் கேட்கக் கூடாது. அந்தப் பக்கம் உள். லொகின் பண்ணினால்தான் போகலாம். எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"இது வெளிய தெரிஞ்சா யாருக்கு அடி விழும்?"

யாருக்கும் இல்லை என்றால் வெளியே. ஒரே ஓர் ஆளுக்கு விழும் என்றாலும் உள்ளே. அரசாங்க வேலை அறிவித்தல், அடையாள அட்டை எடுக்கும் முறை, தொழில் சட்டத்தில் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது, எல்லாம் வெளியே. யார் எந்த வேலைக்கு விண்ணப்பித்தார், யார் என்ன முறைப்பாடு எழுதினார், யாருக்கு என்ன பதில் வந்தது, எல்லாம் உள்ளே.

தன்னையும் அவர் அப்படித்தான் வகுத்து வைத்திருந்தார். ஊரில் பெண்கள் மறைப்பதையெல்லாம் அவர் வெளியே வைத்திருந்தார். வயதைக் கேட்காமலே சொல்வார். சம்பளம் எவ்வளவு என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். கணக்குப் பாடத்தில் ஒருமுறை கோட்டைவிட்டதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் கோயிலில் என்ன வேண்டிக்கொண்டார், போனில் யார் பேசினார், மதியம் ஏன் கண் கலங்கியிருந்தது, இதெல்லாம் உள்ளே. "கல்யாணம் எப்ப மிஸ்?" என்று ஐயாவின் மனைவி ஒருநாள் கேட்டார். "அதுக்கு லொகின் பண்ணணும்ங்க" என்றார் மிஸ். அந்த அம்மா என்ன மருந்து அது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

முதல் சண்டை வேலை அறிவித்தலில் வந்தது. ஐயா சொன்னார்:

"அந்த அறிவித்தல் எல்லாத்தையும் உள்ளுக்கு வைங்க மிஸ். பேர் பதிஞ்சவங்களுக்கு மட்டும் காட்டுங்க. எத்தன பேர் பதிஞ்சிருக்காங்கன்னு ரிப்போர்ட்ல காட்டணும். காசு குடுக்கிறவங்க அதத்தான் கேக்குறாங்க."

"வேலைக்கு ஆள் எடுக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கிறதுக்கே பேர் எழுதணுமா ஐயா? பெரட்டுக் களமா இது?"

தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குத்தான் பெரட்டுக் களம் என்று பெயர். அங்கே பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவரிடம் இதைச் சொல்ல எப்படித் துணிந்தாரோ தெரியாது. ஐயா பிடிவாதமாக நின்றார். மிஸ் சரி என்று அறிவித்தல்களை உள்ளே வைத்தார். வைத்துவிட்டு அவை எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்செடுத்து, வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தானே பசை தடவி ஒட்டினார். டைம் கீப்பர் வந்து, "மொக்கத மிஸ் மே?", என்ன மிஸ் இது, என்று கேட்டால், அதையே சிங்களத்தில் அவருக்கும் வாசித்துக் காட்டினார். ஒரு மாதத்தில் டைம் கீப்பரின் மகள் அதைப் பார்த்து ஒரு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டாள். ஐயா தோற்றார். அறிவித்தல்கள் மறுபடி வெளியே வந்தன.

எனக்கும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் முறை வந்தது. உள்பக்கத்துக்கு ஒரு பக்கத்தை நான் எழுதியிருந்தேன். வாசலில் பாஸ்வேர்ட் கேட்கும், சரியாக அடித்தால் என் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். அழகாக வேலை செய்தது. மிஸ் வாசலுக்கே போகவில்லை. அந்தப் பக்கத்தின் விலாசத்தை மேலே நேராக டைப் பண்ணினார். பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு திறந்தது.

"முன்வாசல்ல பூட்டு போட்டுட்டு கோடிப்பக்கத்தத் தொறந்து வுட்டுட்டீங்க நானா. உள்ள இருக்குற ஒவ்வொரு பக்கமும் 'நீ யாரு'ன்னு கேக்கணும். நேத்து வந்த ஆளா இருந்தாலும் கேக்கணும். நானே வந்தாலும் கேக்கணும்."

பாஸ்வேர்டுகளை அவர் அப்படியே சேர்த்து வைக்கவுமில்லை. அடித்த உடனே அரைத்து மாவாக்கி, மாவை மட்டும் வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார். மாவைப் பார்த்து எந்தத் தானியம் என்று சொல்ல முடியாது. இதை வாப்பாவுக்கு விளக்கப் போய் நான் களைத்துப்போனேன்.

"அப்ப இதக் கட்டின மிஸ்ஸுக்கே தெரியாதா?"

"தெரியாது வாப்பா."

"நானும் நாப்பது வருஷமா பூட்டு விக்கிற. சாவி என்னண்டு தெரியாம பூட்டு விக்கிற ஆள இப்பத்தான், மகன், நான் பாக்குற."

வாப்பாவுக்கு அன்றிலிருந்து மிஸ்மேல் ஒரு மரியாதை. கேட்காமலே தேத்தண்ணீர் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஊருக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக வந்தார்கள். அவர்களைத் திரட்டிக்கொண்டு வந்தவர் ராசாத்தி. முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் படியில் ஏறும் சத்தத்தோடு அவருடைய குரலும் ஏறும். தோட்டத்தில் எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும்புகிறவர் என்று சொன்னார்கள். பெண்கள் தங்கள் லயத்து முறைப்பாடுகளை எழுத வந்திருந்தார்கள். எழுதியவர் சம்மதித்தால் சங்கம் அவற்றைத் தொழில் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும். எழுதியவருக்கு என்ன பதில் வந்தது என்பதை அவர் மட்டும் உள்ளே பார்க்கலாம்.

மிஸ் அவர்களுக்குப் பெயரால் கணக்குத் திறக்கவில்லை. ஆளுக்கொரு சின்ன இலக்க அட்டை கொடுத்தார். "இந்த இலக்கத்த யாருக்கு வேணும்னாலும் காட்டலாம். ஆனா பாஸ்வேர்ட்ட நீங்களே யோசிச்சு அடிங்க. ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும். புருஷன்கிட்டயும் சொல்ல வேணாம், எங்கிட்டயும் சொல்ல வேணாம்."

"மறந்துட்டா மிஸ்?" என்றாள் ஒருத்தி.

"மறக்காத மாதிரி ஒண்ண வைங்க."

பிறகு "சுவத்தப் பாருங்க" என்றார். நானும் மிஸ்ஸும் மற்றப் பெண்களும் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் ஒவ்வொருவராக உட்கார்ந்து, ஒரு விரலால், கோழி கொத்துவதுபோல அடித்துவிட்டு எழுந்தார்கள். முறைப்பாட்டையும் அவரவர் சொல்லச் சொல்ல மிஸ் தனியாக டைப் பண்ணினார். எழுதத் தெரிந்தவர்கள் தாங்களே அடித்தார்கள். அன்று பொழுதுபடும் வரை அறையில் புகையிலை வாசனையும் பெண்களின் சிரிப்பும் இருந்தது. மிஸ்ஸை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் போகவில்லை. ராசாத்தி தனியாகப் படியேறி வந்தார். அன்று குரல் முன்னால் வரவில்லை. கணுக்காலில் அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"எழுதுன ஆளுங்களையெல்லாம் தூரமலைக்குத் தள்ளிட்டாங்க மிஸ். அட்டை மலை. கொழுந்து நிறுக்க எறங்கி வர்றதுக்குள்ள பாதி நாளு போயிருது. அரைப்பேர்தான் போடுறானுங்க, பாதிச் சம்பளம்."

"எழுதுனது இவங்கதான்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலங்க. படிச்சிருக்கான். ஆபிசு கிளாக்கரு. தராசுகிட்ட நின்னுகிட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி நம்ம மல்லிகாவப் பாத்து, 'இன்னைக்கு யாருக்குக் குடை புடிச்ச'ன்னு கேட்டான்."

மல்லிகா எழுதியது எனக்கு நினைவிருந்தது. அவள் சொல்ல, மிஸ் டைப் பண்ணி, அவளுக்கு வாசித்துக் காட்டியபோது கேட்டிருக்கிறேன். 'எங்கள் லயத்துக் கக்கூசுக்குக் கதவு இல்லை. ஒருத்தர் போனால் இன்னொருத்தர் முன்னால் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.' அந்த வாக்கியத்தை ஒரு மனிதன் தராசடியில் ஆண்களுக்கு முன்னால் எடுத்துப்போட்டுச் சிரித்திருக்கிறான்.

மிஸ் நாற்காலியிலிருந்து எழுந்து கலண்டருக்கு முன்னால் போய் நின்றார். யாரும் பாஸ்வேர்ட் அடிக்கவில்லை. பிறகு திரும்பினார்.

"நீங்க என்ன பாஸ்வேர்ட் வெச்சீங்கன்னு கேக்க மாட்டேன். மத்தவங்க என்ன வெச்சிருப்பாங்க? நம்பரா?"

"நம்பருதான் மிஸ். அவங்கவங்க செக்ரோல் நம்பரு. மறக்காத மாதிரி ஒண்ண வைக்கச் சொன்னீங்கள்ல."

செக்ரோல் என்பது தோட்டத்து வேலைப் பதிவேடு. அதில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண். பிள்ளையின் பிறந்தநாளை மறப்பார்கள், அந்த எண்ணை மறக்க மாட்டார்கள். தினமும் விடியற்காலை அந்த எண்ணைக் கூப்பிடுவதும் அந்தக் கிளாக்கர்தான். ஆபிசில் கம்பியூட்டரும் இருந்தது, இன்டர்நெட்டும் இருந்தது. அட்டை இலக்கத்தை ஒவ்வொன்றாக அடித்து, ஒவ்வொரு செக்ரோல் எண்ணாகப் போட்டுப் பார்க்க அவனுக்குப் பொழுதும் இருந்தது. பெண்கள் தங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று நம்பி வைத்தது, ஆபிஸ் அவர்களுக்குப் போட்ட எண்.

"நான் ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றார் மிஸ். எனக்கு அன்று வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்தக் கிளாக்கர் எங்கள் கடையில் கடனுக்குச் சாமான் எடுப்பவன். அடுத்த தடவை வந்தபோது ஆணி இல்லை, கம்பி இல்லை, ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அவனுக்கு முன்னால் ஆணிப் பெட்டி திறந்தபடி இருந்தது.

அன்று மாலையே மிஸ் எல்லாக் கணக்கையும் மூடினார். பிழையாக மூன்று தடவை அடித்தால் பூட்டிக்கொள்ளும்படி எழுதினார். இலக்கம் மட்டும் பாஸ்வேர்டாக வைக்க முடியாதபடி மாற்றினார். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று தேடியதில், கிளாக்கர் எல்லாக் கணக்கையும் திறந்திருக்கிறான், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் திரும்பத் திரும்ப முட்டிப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறான். யாரோ ஒருத்தி செக்ரோல் எண் வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு புதுப் பாஸ்வேர்ட் வைக்கப் பெண்கள் மறுபடி வந்தார்கள். ஐயாவும் வந்திருந்தார். முறைப்பாடுகளை எல்லாம் அழித்துவிடலாம், தோட்டத்தோடு பேசி ஆட்களைக் கிட்ட மலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார் ஐயா. பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ராசாத்தி எழுந்தார்.

"எதுக்குங்க அழிக்கணும்? அவன் படிச்சாச்சு. சிரிச்சாச்சு. இனி ஊரு படிக்கட்டும். பேரோட வேணும்னாலும் போடுங்க. கதவு வைக்காதவன் வெக்கப்படட்டும், நாங்க எதுக்கு வெக்கப்படணும்?"

அறை கொஞ்சம் நிமிர்ந்தது. மல்லிகாவும், "ஆமா மிஸ், வெளியவே போடுங்க" என்றாள். மற்றவர்களும் ஆமா ஆமா என்றார்கள். நான் கம்பியூட்டர் பக்கம் கையை நீட்டிவிட்டேன்.

"கைய எடுங்க நானா" என்றார் மிஸ். "இப்புடிக் கூட்டமா ஆமா சொல்றது கணக்குல சேராது. ஒவ்வொருத்தரா வரட்டும். கதவச் சாத்திட்டுக் கேப்பேன்."

"எல்லாரும் ஒண்ணாத்தானே மிஸ் சொல்றோம்" என்றார் ராசாத்தி.

"ஒங்களையும் சேத்துத்தான் சொல்றேன். தனியா வாங்க."

ஐயாவையும் என்னையும் மாடிப்படியில் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். ஐயா பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் மிஸ் வெளியே வந்து, "ஒண்ணு தவிர எல்லாம் வெளிய போகுது" என்றார்.

"எது அந்த ஒண்ணு?" என்றார் ஐயா.

"அது உள்ள."

அன்று பின்னேரம் முறைப்பாடுகள் வெளிப்பக்கத்துக்கு வந்தன. தமிழிலும், என் சிங்களத்திலும். பெயர் போடச் சொன்னவர்களுக்குப் பெயரோடு. குடை பிடித்த வாக்கியம் மல்லிகாவின் பெயரோடு முதலாவதாக இருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் அதை எடுத்துப் போட்டார். தொழில் அலுவலகத்திலிருந்து ஜீப் வந்தது. தோட்டத்துக் கம்பெனிக்காரர்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். கீழ் லயத்துக் கக்கூசுகளுக்குத் தகரக் கதவு போட்டார்கள். கதவுக் கீலுக்குப் பிணைச்சல் என்போம், அதை எங்கள் கடையில்தான் வாங்கினார்கள், வாப்பா அன்று மட்டும் விலை குறைக்கவில்லை. பெண்களைக் கிட்ட மலைக்கு மாற்றினார்கள். எல்லாம் தீர்ந்தது என்று நான் முட்டாள்தனமாக நினைத்தேன்.

தீரவில்லை. வெளியே வந்தது எதுவும் அவர்களைப் பயமுறுத்தவில்லை. கதவு போட்டார்கள், முடிந்தது. திறக்க முடியாமல் இருந்த அந்த ஒன்றுதான் அவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறது? எந்த உத்தியோகத்தரைப் பற்றி? கம்பெனியில் கேட்டார்கள், கிளாக்கர் வேறு வாயால் கேட்டான், எல்லோருடைய கேள்வியும் ஐயாவின் வழியாக மாடி ஏறியது.

"நான் மட்டும் பாக்குறேன் மிஸ். நான் சங்கத்துத் தலைவரு. எனக்கும் தெரியக் கூடாதுன்னா என்னா நியாயம்?"

"யாருக்கு அடி விழும்னு எனக்குத் தெரியும்ங்க ஐயா. அதனால கூடாது."

"அப்ப நீங்க மட்டும் பாக்கலாமா?"

"நானும் பாக்கல. அவங்களே அடிச்சாங்க, நான் சுவத்தத்தான் பாத்தேன். வெளிய போடட்டுமான்னு கேட்டேன், வேணாம்னாங்க. ஏன்னு கேக்கல."

"நெனச்சா ஒங்களாலத் தொறக்க முடியும்ல?"

"முடியும். பாஸ்வேர்ட்ட மாத்திட்டு உள்ள போயிறலாம். பத்து நிமிஷ வேலை. செய்ய மாட்டேன்."

முடியாது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் ஐயா நம்பியிருப்பார், விஷயமும் அதோடு முடிந்திருக்கும். நான் அதைச் சொன்னபோது மிஸ் என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முடியும், ஆனால் செய்யமாட்டேன் என்று சொல்வதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதைச் சொல்லிவிட்டு விலையையும் கொடுத்தார். மாதம் முடிவதற்குள் சங்கம் அவருடைய வேலையை நிறுத்தியது. காரணம் காசு இல்லை என்றார்கள்.

கடைசி நாள் எல்லாச் சாவியையும் என்னிடம் கொடுக்கவேண்டியிருந்தது. வெப்சைட்டை நடத்துகிறவருக்கு உரிய பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி என்னை அவருடைய நாற்காலியில் உட்காரவைத்தார்.

"புதுசா ஒண்ணு அடிங்க நானா. ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சது. கடைப் பேர வைக்காதீங்க."

நான் கையை வைத்ததும் அவர் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பினார். அவர் கட்டிய இடம் அது. ஒவ்வொரு எழுத்தும் அவருடையது. அதை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த முதுகு என் கண்ணிலேயே நிற்கிறது. எனக்கு அழுகை வந்தது, அடித்தது இரண்டு தடவை பிழைத்தது.

"அடிச்சாச்சு மிஸ்."

"ஹரி" என்றார், சிங்களத்தில் சரி என்று. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். கொழும்பில் இருக்கிறார் என்றார்கள், மலேசியா போய்விட்டார் என்றார்கள். ஒருமுறை வரக்காப்பொலையில் பஸ் நின்றபோது எதிர் பஸ்ஸில் அவரைக் கண்டேன் என்று வாப்பா சத்தியம் செய்தார். விசாரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருப்பார்.

பிறகு ஐயா என்னிடம் கேட்க ஆரம்பித்தார். நல்லபடியாகக் கேட்டார், வாப்பா மூலம் கேட்டார், சம்பளத்தைப் பற்றி ஞாபகப்படுத்திக்கொண்டு கேட்டார். நான் திறக்கவில்லை. அது என் நல்ல குணம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அந்த ஒரு கணக்கைத் திறக்கலாமா என்று கை போகும்போதெல்லாம், "நானா" என்று பின்னால் ஒரு குரல் கேட்கும்போல இருக்கும். பயம்தான். பயமும் சில நேரம் நல்ல வேலை பார்க்கிறது.

யுத்தம் முடிந்த வருடம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு பகலில், படியில் காலடி கேட்டது. ராசாத்தி வந்து நின்றார். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஓர் அட்டையை எடுத்தார். மூலைகள் மடங்கி, மஞ்சளாகிப்போன இலக்க அட்டை.

"தம்பி, என்னோடது இன்னும் உள்ளதான இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோரையும் வெளியே போடச் சொல்லி முதலில் எழுந்த வாய். தூரமலைக்கு அவரை அனுப்பியது அவர் எழுதியதற்காக அல்ல, பேசியதற்காக. எழுதியதை அவர்களால் படிக்க முடியவே இல்லை. கூட்டத்தில் ஆமா என்று சொன்னவர், சாத்திய கதவுக்குள் மிஸ்ஸிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

"உள்ளதான் இருக்குங்க அக்கா. யாரும் தொறக்கல."

"நீங்களும்?"

"நானும்."

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். அட்டையைப் பார்த்து இலக்கத்தை அடித்தார். பிறகு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து சுவர்ப் பக்கம் போனேன்.

அந்த நேரத்தில்தான் ஐயா குடையை உதறிக்கொண்டு படியேறி வந்தார். அறையை ஒரு தடவை பார்த்தார். ராசாத்தியைப் பார்த்தார், மேசைமேல் இருந்த அட்டையைப் பார்த்தார். முப்பது வருடம் பிறர் கடிதத்தைக் கையில் வாங்கியவருக்கு எல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. மெதுவாக, யாருக்கும் நோகாத மாதிரி, கம்பியூட்டர் பக்கம் ஓர் அடி வைத்தார்.

ராசாத்தியின் விரல் அப்படியே நின்றது.

"ஐயா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பாஸ்வேர்ட் அடிக்கப் போறாங்க. சுவத்தப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சம்பளம் கொடுப்பவர். இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. கீழே கடையில் யாரோ தகரம் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஐயா குடையை மடக்கினார். என் பக்கத்தில் வந்து, கலண்டரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

எங்களுக்குப் பின்னால் ராசாத்தி ஒவ்வோர் எழுத்தாக அடிக்கத் தொடங்கினார்.